ஷென்யாங்கில் ஒரு நாள்தான் இருக்கிறது. மஞ்சு அரசர்களின் கல்லறைக்குப் போகலாமா, வெறும் கல்லறைதானே?

"வெறும் கல்லறைதானே" என்று கேட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வடகிழக்குச் சீனாவில் இருக்கிற அந்த ஊரில் மருத்துவம் படித்தவன் நான். முதல் இரண்டு வருடம் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலையாக வந்த இடத்தில் ஒரு பகல் சும்மா கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மெட்ரோ இரண்டாம் தடத்தில் பெய்லிங் பூங்காவில் இறங்குங்கள். ஹோங் தைஜியின் கல்லறையான ஜாவ்லிங் அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. மஞ்சு என்பது அந்தப் பக்கத்து ஓர் இனம்; 1636இல் தன் அரசுக்குச் சிங் என்று பெயர் வைத்த மஞ்சு அரசர் அவர். பின்னால் சீனா முழுவதையும் ஆண்ட வம்சம் அதுதான். 1643இல் இறந்துபோனார், அடுத்த வருடம் மஞ்சுப் படை பெய்ஜிங்குக்குள் நுழைந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பலர் பூங்காவில் அவருடைய பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் நாலு தடவை அப்படித்தான் திரும்பினேன். கல்லறைக்குத் தனி டிக்கெட், மாணவன் கையில் காசு ஏது?

ஐந்தாவது தடவை, ஜனவரி மாதம். ஏரி உறைந்து, பிள்ளைகள் அதன்மேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் ஜன்னலில் போனை நீட்டினால், குளிரில் அணைந்துவிட்டது. பணம் முழுக்க அதற்குள். அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், அடைகாக்கிற கோழி மாதிரி. உயிர் வந்தது, மூன்று சதவீதம்!

சிவப்பு வாசலைத் தாண்டினால் இரு பக்கமும் கல் விலங்குகள்: சிங்கம், குதிரை, ஒட்டகம், யானை. முதுகில் பனி ஏறிய யானையை அங்கேதான் பார்த்தேன். குதிரைகள் இரண்டும் அரசர் ஏறிய பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை என்கிறார்கள். அப்புறம் கோட்டைச் சுவரில் ஏறிப் பின்பக்கம் போனால் வட்டமான மேடு, உச்சியில் ஒரு மரம். அவ்வளவுதான். அடியில் அவரும் அரசியும். தோண்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். "கல்லறைக்குப் போயிட்டு தலை முழுகாமயா சாப்பிட்ட?" வெளியே மைனஸ் இருபது, விடுதியில் வெந்நீர் நேரம் முடிந்துவிட்டது. முழுகிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை, தப்பிருந்தால் திருத்துங்கள். ஆனால் "சீனா டாக்டருக்கு வரலாறு எதுக்கு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கல்யாண வீடுகளில் கேட்டாகிவிட்டது. அப்படிக் கேட்ட ஒரு பெரியவர் பந்தியிலேயே தன் சர்க்கரை மாத்திரையைக் காட்டிச் சந்தேகமும் கேட்டார். இலவசமாக.

முழங்கால் நன்றாக இருந்தால், ஊருக்குக் கிழக்கே நூர்ஹாசியின் ஃபூலிங்குக்கும் போகலாம். இவர் ஹோங் தைஜியின் அப்பா. அங்கே 108 படி. நமக்கு அந்த எண் ஆம்புலன்ஸையும் ஞாபகப்படுத்தும், பார்த்து ஏறுங்கள். இரண்டும் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஒன்றுதான் முடியும் என்றால் ஜாவ்லிங்.

குளிர்காலம் என்றால் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். கொஞ்சம் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.