எங்கள் ஊறுகாய் ஜாடியின் வடிவத்தையும் லேபிளையும் ஒருவர் அப்படியே காப்பியடித்துவிட்டார். சட்டப்படி தடுக்க முடியுமா?

லேபிளைத் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜாடி விஷயம், நீங்கள் அதை முதலில் எப்போது வெளியே காட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ரெண்டுக்கும் வேறு வேறு சட்டம்.

நான் வக்கீல் இல்லை. கிருஷ்ணகிரியில் லேபிள், கவர் டிசைன் போட்டுக்கொடுப்பவன். மாம்பழக் கூழ், நிப்பட்டு, புளி, ராகி மாவு என்று இந்தப் பக்கம் அடைத்து விற்கும் சரக்குதான் என் பிழைப்பு. இன்னொருத்தர் கவரை மேஜையில் வைத்து, "அண்ணா, இதே மாதிரி போட்டுடுங்க, பேரை மட்டும் மாத்திடுங்க" என்று கேட்பவர்களும் வருவார்கள். அதனால் காப்பி எங்கே பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய்த் தொக்கு போடும் அக்கா ஒருவர். நகையை அடகு வைத்து, ஓசூரில் டை (ஜாடி வார்க்கும் அச்சு) அடித்து, தனியாக ஒரு ஜாடி செய்தார். மாங்காய் மாதிரியே ஒரு பக்கம் மூக்கு வளைந்திருக்கும், மூடி காம்பு போல நிற்கும். முதல் லோடு வந்ததும் நேரே மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போட்டார். ஜாடிக்காகவே வாங்கியவர்கள் உண்டு. அடுத்த சீசனில் அதே மூக்கு, அதே காம்பு, அதே மாதிரி லேபிளோடு வேறொருவர் ஜாடி கடைகளில் நின்றது. அப்போதுதான் "இதை ரிஜிஸ்டர் பண்ணிடலாமா தம்பி?" என்று வந்தார்.

கதவு சாத்தியாகிவிட்டிருந்தது. ஜாடியின் வடிவம், அதாவது கண்ணுக்குத் தெரியும் தோற்றம், டிசைன்கள் சட்டம் 2000-இன் கீழ் வரும். அதில் முதல் நிபந்தனையே, விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் அந்த வடிவம் உலகில் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது என்பது. அடுத்தவர் வெளியிட்டது மட்டுமல்ல, நீங்களே விற்றிருந்தாலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தாலும் சிக்கல்தான். கண்காட்சிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியாக இருக்க வேண்டும், டிசைன் பதிவு அதிகாரியான கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, 6 மாதத்துக்குள் விண்ணப்பமும் போட வேண்டும். ஸ்டால் போடும் அவசரத்தில் இதை யார் யோசிக்கிறார்கள்? டை அடிப்பவரிடமோ என்னிடமோ நம்பிக்கையின் பேரில் காட்டுவது வெளியீடாகாது, அந்த அளவுக்குச் சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் செலவு. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் டிசைன் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆன்லைனிலேயே போடலாம். பதிவானால் 10 வருடம், கட்டணம் கட்டினால் இன்னும் 5. அந்த டைக்குக் கட்டிய வட்டியில் ஒரு மாதத் தொகைகூட இல்லை அது.

பதிவு கையில் இருந்து, அதற்குப் பிறகு ஒருவர் காப்பியடித்தால், மாவட்ட நீதிமன்றத்தில் தடையாணையும் நஷ்டஈடும் கேட்கலாம். எதிராளி "இந்த டிசைன் புதுசே இல்லை, பதிவே செல்லாது" என்று வாதம் வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். சென்னை பஸ் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தையே வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதியவும் வழி உண்டு. 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டம் பொருளின் வடிவம், பேக்கிங், வண்ணச் சேர்க்கை எல்லாவற்றையும் சின்னம் என்றே சொல்கிறது. ஆனால் மாங்காய்த் தொக்குக்கு மாங்காய் வடிவம் என்றால், அது உங்கள் ஒருவருடைய அடையாளம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அக்காவின் வக்கீலும் அதையேதான் சொன்னார்.

லேபிள் கதை வேறு. அதை டிசைனாகப் பதிய முடியாது, வணிகச் சின்னமாகத்தான் பதிய வேண்டும். சிறுதொழிலுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500 ரூபாய். ஊறுகாய், தொக்கு 29-ஆம் வகுப்பு. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதியாவிட்டாலும், அடுத்தவர் தன் சரக்கை உங்கள் சரக்கு போல ஏமாற்றி விற்கிறார் என்று வழக்குப் போட இடம் இருக்கிறது.

"அவர் பேர் வேற, படம் வேற, அப்புறம் எப்படி காப்பி?" என்று கேட்பவர்களுக்கு நான் பார்லே வழக்கைச் சொல்வேன். பார்லே குளுக்கோஸ் பிஸ்கட் உறையில் பண்ணை வீடு, மாடு, கோழி, நடுவில் வாளி தூக்கிய பெண். மைசூர் கம்பெனி ஒன்றின் உறையிலும் பண்ணை வீடு, மாடு, கோழி. பெண் மட்டும் தலையில் வைக்கோல் கட்டு, கையில் அரிவாளோடு நிற்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து வித்தியாசம் சொல்லலாம். 1972-இல் உச்ச நீதிமன்றம் அப்படி வைத்துப் பார்க்கக் கூடாது என்றது. அளவும் நிறமும் மொத்தத் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, ஒன்றைப் பார்த்த நினைவோடு கடைக்குப் போகிறவர் இன்னொன்றை எடுத்துவிடுவார் என்று பார்லே பக்கம் தீர்ப்பு வந்தது. "பேரை மட்டும் மாத்திடுங்க" என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

இப்படி வழக்குப் போட உங்களிடம் ஆதாரம் வேண்டும். முதல் லேபிள் அச்சடித்த பில், கடைகளுக்குப் போட்ட பில், விளம்பரச் செலவு, தேதியோடு கூடிய போட்டோ. எங்களை மாதிரி ஆட்களிடம் ரொக்கம் கொடுத்து, பில் வேண்டாம் என்று ஜிஎஸ்டியை மிச்சம் பிடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

என் தொழிலுக்கே பாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேபிளில் உள்ள ஓவியத்துக்குக் காப்பிரைட் உண்டு. வெளியாளிடம் வரைந்து வாங்கினால், காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். காப்பிரைட்டை உங்கள் பேருக்கு எழுதி வாங்குங்கள். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "முழு காலத்துக்கும்" என்ற வார்த்தை பத்திரத்தில் இருக்கட்டும்.

அக்காவின் லேபிளுக்காக நோட்டீஸ் போன பிறகு காப்பியடித்தவர்கள் மஞ்சள் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிவிட்டார்கள். ஜாடி இன்றும் கடையில் அதே மூக்கோடு நிற்கிறது. அக்கா இப்போது புதிதாக ஒரு டை அடிக்கப் போகிறார். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எனக்குக் காட்டுவதில் தப்பில்லை என்று எவ்வளவோ சொன்னேன். நேரில் வந்து, காகிதத்தை விரித்துக் காட்டி, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.