கோல்ஃப் ஆடிய மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆட்டத்தை விடாமல் முதுகைக் காப்பாற்ற வழி உண்டா?

வயது 48, நாள் முழுக்க நாற்காலி வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் ஆட்டம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான் ஆடத் தொடங்கினேன். நான்காவது வருடம் இடுப்பு பிடித்து, ஏழு வாரம் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, தொட முடியவில்லை. வழி நிச்சயம் உண்டு.

கீழ்முதுகு அதிகம் திரும்புவதற்கென அமைந்த இடமல்ல. அங்குள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்தே பத்துப் பதினைந்து டிகிரி அளவுக்குத்தான் திரும்பும். ஸ்விங்குக்கு, அதாவது கிளப்பை வீசிப் பந்தை அடிப்பதற்கு, வேண்டிய மீதித் திருப்பத்தை இடுப்பு மூட்டுகளும் மேல்முதுகும் தர வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் இறுகிக் கிடக்கும். அவை தராததை நாம் கீழ்முதுகிடம் பிடுங்குகிறோம்.

என் பிசியோ என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி பாதத்தை வெளிப்பக்கம் விலக்கச் சொன்னார். வலது பாதம் போன தூரத்தில் பாதிகூட இடது போகவில்லை. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்தை அடித்த பிறகு உடல் முழுதும் இடது இடுப்பின் மேல்தான் திரும்பி நிற்கும். அது திரும்ப மறுத்தால் முதுகு முறுக்கிக்கொள்ளும். இன்றே வீட்டில் இதைச் செய்து பாருங்கள். இடது பக்கம் இறுக்கமாக இருந்தால், நிற்கும்போதே இடது பாத நுனியை இலக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். பின்னால் கிளப்பைத் தூக்கும்போது இடது குதிகாலும் சற்று எழட்டும். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார். 46 வயதில், 1986-ல், மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை வென்றார். முடிக்கும்போது வில்லாகப் பின்னால் வளையாமல், இடது காலில் எடையைப் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். எனக்கு அதிகம் பலன் தந்தது இந்தக் கடைசி மாற்றம்தான்.

ஆனால் என் இடுப்பு பிடித்தது ஸ்விங்கில் அல்ல. ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், இறங்கிய கையோடு டிக்கியில் குனிந்து பையைத் தூக்கினேன். 14 கிளப்பும் தண்ணீரும் பந்துகளும் சேர்ந்தால் அந்தப் பை பன்னிரண்டு கிலோ தாண்டும். இப்போது முதலில் ஐந்து நிமிடம் நடக்கிறேன். பிறகு பையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கி எடுக்கிறேன். தள்ளுவண்டி இருந்தால் இழுக்காமல் தள்ளுங்கள். இழுக்கும்போது ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டேதான் நடக்க வேண்டியிருக்கும்.

விடியற்காலை ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுங்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றில் அழுத்தம் மிகவும் கூடும். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி அந்த நேரத்தில் வேண்டாம். வேக நடை, இடுப்பைச் சுழற்றுவது, சின்ன கிளப்பால் அரை ஸ்விங், கடைசியில் டிரைவர் என்ற மிக நீளமான கிளப். பத்து நிமிடம் போதும்.

பயிற்சி மைதானத்தில் வாளி வாளியாகப் பந்து அடிப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பந்தை 90 முறை அடித்து ஆட்டத்தை முடிப்பவர், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டர் என்ற கிளப்பின் அடிகளைக் கழித்துவிட்டால், ஐம்பது சொச்சம் தடவைதான் வீசுகிறார். அதுவும் நாலு மணி நேரத்தில், இடையிடையே நடந்தபடி. மைதானத்திலோ நாற்பது நிமிடத்தில் நூறு பந்து. அங்குதான் முதுகு கெடுகிறது. பந்துக்குப் பந்து பின்னால் விலகி நின்று மூச்சு விடுங்கள், ஐம்பதோடு நிறுத்துங்கள்.

குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது பட்டரை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டித் தூக்கியபடி குனியுங்கள். முதுகு வளையாது.

வீட்டில் தினமும் இரண்டு பயிற்சிகள் செய்கிறேன். ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது ஒன்று. மண்டியிட்டுக் கையூன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து நொடி நிற்பது இன்னொன்று.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2017-ல் முதுகெலும்பை இணைக்கும் அறுவை செய்துகொண்டு 2019-ல் மாஸ்டர்ஸ் வென்றாரே என்று நண்பர்கள் வலியோடு ஆடுகிறார்கள். அதற்கு முன் அவர் முதுகில் மூன்று முறை கத்தி பட்டிருந்தது. வலியோடு தயவுசெய்து ஆடாதீர்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கு உணர்விழந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.