அப்புச்சி தராத சொத்து

கேள்வி: அம்மாவைப் பெற்ற என் அப்புச்சி 94 வயதிலும் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டினார். செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் அவருடைய வலுவான மைட்டோகாண்ட்ரியா எனக்கும் வந்திருக்கும்தானே? அது தேயாமல் காக்க ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் ஒரு வியாபாரி. மாதம் 4,000 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வரவில்லை. அப்புச்சியிடமிருந்து காடு வரும், மூக்கு வரும், பிடிவாதமும் வரும், மைட்டோகாண்ட்ரியா வராது. அது தாய்வழிச் சொத்து. உங்களிடம் இருப்பது அம்மாவைப் பெற்ற அம்மிச்சியுடையது. அம்மிச்சி எத்தனை வயது வரை இருந்தார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

அம்மிச்சி வழியில் வந்ததும் 37 மரபணுக்கள்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அந்த 37-ல் புரதம் செய்யச் சொல்பவை 13 மட்டுமே. மற்ற புரதங்களுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அங்கே அப்புச்சிக்கும் பங்குண்டு, ஆறுதல் கொள்ளுங்கள்.

இனி மாத்திரை. சுவாசத்தில் உண்டாகும் ஆக்ஸிஜன் கழிவுகள் செல்லை அரிப்பதால்தான் முதுமை வருகிறது என்று 1956-ல் அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் சொன்னார். 1972-ல் மைட்டோகாண்ட்ரியாவையே அதற்கு மையமாக்கினார். அந்தக் கழிவை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். உங்கள் வியாபாரி அங்கேயே நின்றுவிட்டார். 2004-ல் சுவீடன் ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பிழைகள் குவியும்படி எலிகளை உருவாக்கினார்கள். இளவயதிலேயே அவற்றுக்கு மயிர் உதிர்ந்தது, முதுகு கூனியது, எலும்பு மெலிந்தது. ஆனால் மறு ஆண்டு அளந்து பார்த்தபோது ஆக்ஸிஜன் கழிவு கூடியிருக்கவில்லை; அது கூடாமலே முதுமை வந்திருக்கிறது. ஒரு வகைப் புழுவிலோ இன்னும் வேடிக்கை: மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைச் சற்றே குறைத்தால் ஆயுள் நீள்கிறது!

2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்களான வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது மாத்திரை சாப்பிடாதவர்களுக்குத்தான். பயிற்சியில் எழும் அந்தச் சிறு கழிவுதான் தசைக்குத் தாக்கல் சொல்கிறது. மாத்திரை அதன் வாயை அடைத்துவிடுகிறது.

உழைக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகும். ஓடவைத்த எலிகளிடம் 1967-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொலோசி இதைக் காட்டினார். வயதானவர்களுக்கும் இது பொருந்தும். மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நடந்து மடை திருப்புகிறவருக்கு இது தினசரி நடப்பது. பால் வாங்க மொபெட்டில் போகிறவருக்கு நடக்காது. நீங்கள் எதில் போகிறீர்கள்?

வாங்கியே தீருவேன் என்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சத்துமாத்திரை என்ற பெயரில் முறைப்படி விற்பதாக இருந்தால், 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வரியை வியாபாரியையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.