லைடன் நகரில் ஒரு வாரத்தை எப்படிக் கழிக்கலாம்?

நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரமான லைடனில் ஒரு வாரம் தங்குவோருக்குக் கலை சார்ந்த பொழுதுபோக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் நாளை நடப்பதற்கே ஒதுக்குங்கள். ஏனெனில் 1992இல் ரஷ்ய மொழிக் கவிதை ஒன்றோடு தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளைப் பல மொழிகளில், அவற்றின் மூல எழுத்துகளிலேயே சுவர்களில் தீட்டி வைத்திருக்கும் இந்நகரத்தைக் கால்வாயோரமாக நடந்தே படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், எந்த அருங்காட்சியகத்தையும்விட இதுவே லைடனின் பெருஞ்செல்வம்.

திங்களன்று பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால் அவற்றைச் செவ்வாய்க்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில், அஸ்வான் அணை நீரில் மூழ்காமல் நூபியச் சின்னங்களைக் காக்க உதவியதற்கு நன்றியாக எகிப்து வழங்கிய தாஃபே கோயில் முழுமையாக நிற்கிறது. லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் லூக்காஸ் வான் லைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் முன் நிதானமாக நில்லுங்கள்.

புதன், சனிக்கிழமைகளில் கால்வாயோரம் சந்தை கூடும். மாலை நாடகத்துக்கு, 1705இல் தொடங்கிய நகர அரங்கம் இருக்கிறது.

ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்ததைக் கூறும் செப்பேடுகள் இந்நகரின் பெயராலேயே அறியப்படுவதையும் தமிழர் நினைவில் கொள்ளலாம்.

தேதி உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் 3ஆம் நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1574இல் ஸ்பானிய முற்றுகை நீங்கிய அந்நாளை நகரமே ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் உண்டு கொண்டாடுகிறது.