கோப்புகளை இழக்காமல் விண்டோஸ் 11-க்கு மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் பலருக்கும் வரும் கேள்வி இது: 11-க்கு மாறினால் போட்டோ, ஆவணமெல்லாம் போய்விடுமா? எந்த வழியில் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இருப்பதன் மேலேயே ஏற்றுவது அப்கிரேடு. வீட்டில் குடியிருந்துகொண்டே வயரிங்கை மாற்றுவது மாதிரி; பீரோவுக்குள் இருப்பது அப்படியே இருக்கும், ஏனென்றால் சிஸ்டம் கோப்புகள் மட்டுமே மாறுகின்றன. கிளீன் இன்ஸ்டால் என்பது வீட்டையே இடித்துக் கட்டுவது. டிரைவ் ஃபார்மட் ஆகிவிடும், அதாவது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் 11-இன் செட்டப்பை (நிறுவும் நிரலை) திறந்தால், எதை வைத்துக்கொள்வது என்று ஒரு திரை கேட்கும். அங்கே அவசரப்படாதீர்கள். கோப்புகளும் செயலிகளும், கோப்புகள் மட்டும், எதுவும் வேண்டாம் என மூன்று தேர்வுகள். பெரும்பாலானோருக்கு முதலாவதே சரி. பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

ஆனாலும் நடுவில் கரண்ட் போகலாம், டிஸ்க் பழுதாகலாம். வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள். எடுத்த நகலில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

"எல்லாம் டெஸ்க்டாப்பில்தானே இருக்கிறது, சி டிரைவை ஃபார்மட் செய்தால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன; அதை ஃபார்மட் செய்தால் அவையும் போய்விடும்.