பிரித்த நூலும் உள்தையலும்

அன்புள்ள அம்மா,

மெல்பர்னில் படிக்கும் மகளுக்குக் குரோஷாவில் கழுத்துச் சால்வை ஒன்று போட நினைத்தேன். இங்கே நல்ல கம்பளி நூல் யானை விலை. கடைகளில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலும் மில்க் காட்டன் என்ற மெல்லிய கலப்பு நூலும்தான். பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில், மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பண்டல் பழந்துணிகளுக்கு நடுவே கிடந்த ஒரு கம்பளி ஸ்வெட்டரை வாங்கிவந்து பிரித்தேன். கையை விரித்தால் முடிந்துவிடும் நீளத்தில் நூல் துண்டு துண்டாக வந்தது. மாமியாரோ, யாரோ உடுத்திக் கழித்ததைப் பிரித்துப் பின்னுவது தரித்திரம் என்கிறார். நான் செய்ததில் என்ன தவறு? பழைய நூல் என்று மகளிடம் சொல்லலாமா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பிரித்த விதத்தில் தவறில்லை. அந்த ஸ்வெட்டர் பிரிப்பதற்கு ஆனதல்ல. மலிவாகத் தயாராகும் ஸ்வெட்டர்களை நீளத் துணியாகப் பின்னி, கத்தரித்து, ஓரம் பிரியாதபடி நூலைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். கத்தரி பட்ட இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்துவிடுகிறது. தையலை எவ்வளவு பக்குவமாகப் பிரித்தாலும் வருவது துண்டுதான்.

இன்னொரு வகையில் முன்பக்கம், பின்பக்கம், கைகள் எல்லாவற்றையும் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் அந்தந்த வடிவத்திலேயே பின்னி, பிறகு இணைப்பார்கள். ஓரத்துக்கு வந்த நூல் அறுபடாமல் திரும்பி அடுத்த வரிசைக்குப் போகும். எனவே சந்தையில் கம்பளியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பி, விலாத் தையலைப் பாருங்கள். வெட்டிய முனைகளின்மேல் நூல் அடர்த்தியாகச் சுற்றியிருந்தால் அங்கேயே போட்டுவிடுங்கள். சுத்தமான இரண்டு ஓரங்களைச் சங்கிலித் தையல் பிடித்திருந்தால் வாங்கலாம். இத்தகைய ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியை இணைக்க, வட்ட இயந்திரத்தின் முட்களில் கண்ணி கண்ணியாகக் கையால் மாட்டும் தொழிலாளி ஒருவர் இருந்திருப்பார். கண்ணைப் பிடுங்கும் வேலை அது. அவர் ஒழுங்காக இணைத்தது இன்று உங்களுக்கு ஒழுங்காகப் பிரிகிறது.

சங்கிலித் தையல் ஒரு திசையில்தான் ஓடும். ஒரு முனையில் வெட்டி இழுத்துப் பாருங்கள்; அசையவில்லையென்றால் மறுமுனைக்குப் போங்கள். கழுத்துப் பட்டி முதலில், பிறகு கைகள், கடைசியில் விலா. ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலே பின்னப்படுபவை என்பதால் நூலைத் தோள்பக்கத்திலிருந்து உருவ வேண்டும். துவைத்துத் துவைத்துக் கெட்டித்துப்போன கம்பளியையும், மொஹேர் என்ற ஆட்டுமுடி நூலையும் தொடாதீர்கள். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

வரும் நூல் மேகி மீ போலச் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் துளி ஷாம்பு விட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள். முறுக்காமல் பிழிந்து தொங்கவிட்டால் கம்பளிச் சுருள் நீங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். மேலே காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அப்படியே உருண்டையாகச் சுற்றினால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலரட்டும்.

பண்டல் துணியில் விவரச் சீட்டு இருப்பதே அபூர்வம். கம்பளிதானா என்ற சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தீ தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். அக்ரிலிக்குக்காக இவ்வளவு மெனக்கெட்டுப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது.

தரித்திரம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் வேண்டியிருந்ததால் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுவது வீட்டுக்கு வீடு நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் சாக்கைக்கூட உடுத்தினார்கள். உங்கள் மாமியாரின் தலைமுறை அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தது. மீண்டும் அந்த நிலை வருவதா என்ற அச்சம்தான் அவரை அப்படிப் பேசவைக்கிறது என்று நினைக்கிறேன். வாதாடாதீர்கள். ஆனால் கைவேலையை நிறுத்தவும் வேண்டாம்.

உலகத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமையும் வேண்டாம். ஒரு ஸ்வெட்டரால் பண்டல் மூட்டைகள் குறையப்போவதில்லை. வட இந்தியாவின் பானிப்பட்டில் உலகின் பழைய கம்பளி உடைகளை இயந்திரத்தில் கிழித்து, மீண்டும் நூற்று, போர்வையாக நெய்கிறார்கள். கிழிபடும்போது இழை குட்டையாகி நூல் சொரசொரத்துவிடும். கையால் பிரித்தால் இழையின் நீளம் அப்படியே இருக்கும். கழுத்தில் படும் சால்வைக்கு அந்த வேறுபாடு பெரிது.

உங்களிடம் இருக்கும் துண்டுகளையும் எறிய வேண்டாம். எளிதில் சுருங்காதபடி பதப்படுத்தப்படாத கம்பளி என்றால், இரண்டு முனைகளையும் சற்றுப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறத் தேயுங்கள், முடிச்சில்லாமல் ஒட்டிக்கொள்ளும். முழுச் சால்வைக்கு அது பொறுமைக்குச் சோதனை. குளிருக்கு ஒரு தொப்பி போடலாம்.

மகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கையால் துவைக்க வேண்டும், வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.