வரியைக் குறைத்தும் ஒபாமா அரசுக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை? விளம்பரம் போதாதா?

விளம்பரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பணத்தை அனுப்பிய வழியே அப்படி.

பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க 2009 பிப்ரவரி 17 அன்று கையெழுத்தான 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகை. உழைப்பவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 400 டாலர், தம்பதிக்கு 800. ஆனால் செக் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. சம்பளத்தில் வரி பிடிக்கும் அட்டவணையை மாற்றினார்கள், அவ்வளவுதான். வாரத்துக்குப் பத்து டாலர் வாக்கில் கூடுதலாகக் கையில் நின்றது. ஓவர்டைம் வெட்டப்பட்ட நேரத்தில் சம்பளச் சீட்டில் அந்தப் பத்து டாலரை யார் தேடுவார்கள்? 2010இல் கருத்துக்கணிப்பு எடுத்தபோது, வரி குறைந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இது தெரிந்தே எடுத்த முடிவு. 2008இல் புஷ் அரசு ஆளுக்கு 600 டாலர் வரை மொத்தமாகக் கொடுத்தபோது பலர் கடனை அடைத்தார்கள், மிச்சம் பிடித்தார்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் தெரியாமலே செலவாகிவிடும் என்று ஒபாமா அரசு கணக்குப் போட்டது. பிற்பாடு குடும்பங்களிடம் விசாரித்ததில், மொத்தமாக வாங்கியவர்கள்தான் அதிகம் செலவழித்ததாகத் தெரிந்தது. ஆக, பெயரும் போயிற்று, கணக்கும் பிசகியது.

மாநிலங்களுக்குப் போன பணத்திலும் இதே கதை. ஆசிரியர்களின் வேலை தப்பியது. பட்ஜெட்டைச் சமாளித்த பெயர், அங்கே மாநில அரசை நடத்தும் ஆளுநருக்குப் போனது.

இதைவிடப் பெரிய அடி ஒரு எண்ணால் விழுந்தது. திட்டம் நிறைவேறினால் வேலையின்மை 8 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும் என்று ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர்களான ரோமர், பெர்ன்ஸ்டைன் இருவரும் 2009 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். அக்டோபரில் அது 10 சதவீதம். சரிவின் ஆழம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை என்பதே காரணம்: 2008 கடைசிக் காலாண்டின் வீழ்ச்சி ஆண்டு வீதத்தில் 3.8 சதவீதம் என்றுதான் முதலில் வெளியானது. திருத்திய கணக்கில் 8 சதவீதத்தைத் தாண்டியது. 'திட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்' என்பது உண்மைதான். ஆனால் மேடையில் எடுபடாது.

எதிர்க்கட்சிக்கு இதில் நஷ்டமே இல்லை. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டும் விழவில்லை, செனட்டில் மூன்றுதான். தேறினால் தொகுதியில் ரிப்பன் வெட்டலாம், தேறாவிட்டால் பழி முழுக்க ஆளுங்கட்சிக்கு. 535 மில்லியன் டாலர் கடன் உத்தரவாதம் பெற்ற சூரியத் தகடு நிறுவனமான சோலிண்ட்ரா 2011இல் திவாலானது. மொத்தத் திட்டத்தோடு பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அதற்கு முன்பே, 2010 தேர்தலில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்திருந்தது (மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கும் அதில் பங்குண்டு).

2020இல் டிரம்ப் இந்தச் சங்கடமே வைத்துக்கொள்ளவில்லை. கருவூலச் செக்கில் கையெழுத்திட அதிபருக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கொரோனா நிவாரணமான 1,200 டாலர் செக்கில் குறிப்பு எழுதும் இடத்தில் அவர் பெயரை அச்சடித்தார்கள். வங்கிக் கணக்கில் வாங்கியவர்களுக்கு அவர் கையெழுத்துடன் கடிதம் போனது. 2021இல் 1,400 டாலர் அனுப்பிய பைடன் செக்கில் தன் பெயரைப் போடவில்லை. 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டபோது மட்டும் எல்லோருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வந்தது.